பேட்டரி மேல் தப்பில்லை

என்னங்க,

பத்து மணிக்குப் பேட்டரிக்காரர் வீட்டுக்கே வந்து மாட்டித் தருவார். கார் ஷெட் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஆறவிடாமல் சாப்பிடுங்கள்.

அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "ஆறு மாசத்துல ரெண்டு பேட்டரி போச்சு, என்னய்யா விக்கிற நீ?" என்று நேற்று போனில் கத்தினீர்களே, பாவம், அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டிலும் சார்ஜை இறக்கினது நான்தான். மதியம் நீங்கள் கண்ணயர்ந்ததும், உங்கள் அருமை ஸ்போர்ட்ஸ் காரின் கதவைச் சரியாகச் சாத்தாமல் உள்விளக்கை எரியவிட்டு வருவேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

மேம்பாலத்தில் உங்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததும் நான் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்ததும் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. "வண்டி ஓட்டாம நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?" என்றீர்கள். அதைக் கேட்டபின் சாவியைப் பிடுங்கி வைக்க மனசு வரவில்லை.

இனி அந்த விளக்கைத் தொடமாட்டேன்.

பி.கு: அக்கா வீட்டிலிருந்து நாலு மணிக்குள் வந்துவிடுவேன். ஓட்டியே தீருவேன் என்றால் அதுவரை பொறுங்கள். அந்தக் காரில் இருப்பதே இரண்டு சீட். இரண்டாவதில் நான் உட்காருகிறேன்.