ஏஞ்சல் கல்யாணத்துக்கு போட்டோ எடுக்க ஆள் கிடைத்தது

ராஜகீழ்ப்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பென்னிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் மூவரும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டு அந்த ஊர் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பேரைத்தான் முதலில் சொல்கிறேன். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய், எனக்கு அழுகை வந்து எதையும் முழுதாகச் சொல்ல முடியாது. உன் ரூமில் இருக்கும் குமரவேல் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாமல் படி, பயப்பட வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

ஐந்து மாதமாக வீடியோவில் அப்பா வரவில்லையே என்று நீ கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார், தூங்குகிறார், தொண்டை கட்டியிருக்கிறது என்று நான் சொன்னது அத்தனையும் பொய். ஏப்ரல் மாதம் ஒரு காலையில் காபி குடிக்கும்போது பாதி காபி சட்டையில் வழிந்தது, பார்த்தால் இடது பக்கம் வாய் இறங்கி, கண் மூடாமல் நிற்கிறது. பக்கவாதமோ என்று அலறிக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு இது வெறும் முகவாதம்தான், மூளைக்கு ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை, பயிற்சி எல்லாம் செய்து இப்போது கண் நன்றாக மூடுகிறது, பேச்சு தெளிவாகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் கோணல், அது சரியாக நாளாகலாம், அப்படியே நின்றாலும் நிற்கலாம் என்கிறார்கள். நீ ஏணி மேல் ஏறி ஏசி மாட்டுகிறவன், மனக் கலக்கத்தோடு ஏறக் கூடாது என்று அப்பாதான் உன்னிடம் மறைக்கச் சொன்னார். மன்னித்துக்கொள்.

கண்ணாடி முன்னால் நிற்கவே மனுஷன் வெட்கப்பட்டார். அதோடு விட்டாரா, ஏஞ்சலைக் கோயிலில் பீடம் வரைக்கும் அழைத்துப் போக மாட்டேன், உன் ஜெபகுமார் மாமா அழைத்துப் போகட்டும், கல்யாண போட்டோ காலத்துக்கும் இருக்கும், அதில் என் கோணவாய் எதற்கு என்று சொல்லிவிட்டார். என் தம்பியும் உடனே சரியென்று கோட்டுக்குத் துணி எடுத்துவிட்டான், அவனுக்கு என்ன! உன் தங்கை அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் தேடினோம். கேட்கும் விலையைச் சொன்னால் நீ மயங்கி விழுவாய். வேளச்சேரி பக்கம் ஹர்ஷா என்று ஒரு தம்பி, ஸ்டுடியோவில் ஏசி, காபி எல்லாம் பலமாக இருந்தது. ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம், அதில் ட்ரோன் உண்டு என்றான். ஏர்ஃபோர்ஸ்காரர்கள் இருக்கும் இடத்தில் ட்ரோன் எப்படியப்பா விடுவாய் என்று கேட்டதற்கு, அதெல்லாம் பார்த்துக்கலாம் ஆன்ட்டி என்றான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அப்பா இல்லாத நேரம் பார்த்து, வீட்டுக்காரருக்கு வாய் இப்படி இருக்கிறது, போட்டோவில் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். அப்பாவின் பஸ் டிப்போ அடையாள அட்டையில் இருந்த பழைய போட்டோவை அவன் என்னிடம் வாங்கி, முகத்தை வழவழவென்று ஆக்கி, சாம்பிள் என்று, கல்யாணத்துக்காக அவனையும் சேர்த்திருந்த நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டுவிட்டான். உன்னைத்தான் அந்த குரூப்பில் சேர்க்காமல் வைத்திருக்கிறோம், அதற்கும் காரணம் இப்போது புரிந்திருக்கும். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்தப் படத்தைக் காட்டி, “இவன் ஜோரா கீறான் பேபி. இவனையே பொண்ணைக் கூட்டினு போகச் சொல்லு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அப்படியே உயிர் போய்விட்டது பென்னி. செய்தது நான்தானே. அட்வான்ஸ் கொடுக்காதது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

அப்புறம் ஏஞ்சலே தேடி ஒரு பெண்ணை வரச் சொன்னாள். பேர் அனுப்பிரியா, முடிச்சூர்க்காரி, காட்டாங்குளத்தூரில் படித்தவள், ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தொண்ணூற்றிரண்டாயிரம், வீடியோவும் ஆல்பமும் சேர்த்து. பொறுக்கி எடுத்த பத்துப் படத்தைக் காட்டாமல் ஒரே கல்யாணத்தின் மொத்தப் படத்தையும் காட்டினாள், பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு இருப்பவர்கூட அதில் இருந்தார். அன்றைக்கு நானேதான் வருவேன், வேறு ஆளை அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ட்ரோன் இங்கே கூடவே கூடாது என்று அவளே சொன்னாள். பொண்ணும் மாப்பிள்ளையும் உடன்படிக்கை சொல்லும்போது ஃப்ளாஷ் அடிக்கலாமா என்று நம் சபைப் போதகர் ஐயரிடம் போனில் கேட்டும் வைத்திருந்தாள். நாளைக்கு உன் கல்யாணத்துக்கு போட்டோக்காரர் பார்க்கும்போதும் இப்படிப்பட்ட ஆளாகப் பார், பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே.

எல்லாம் பேசி முடித்த பிறகு, போட்டோ என்றால் ஒதுங்கிப் போகிறவர்கள் வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டாள். உள்ளறையிலிருந்து அப்பாவே வந்து, “நான்தாம்மா” என்றார். அந்தப் பெண் கண்ணை விலக்கவில்லை. “ஐயா, உங்களுக்கு வேணாம்னா எடுக்க மாட்டேன். எடுத்தா இருக்கிற மாதிரிதான் எடுப்பேன், வாயை மாத்தித் தர மாட்டேன்” என்றாள். முப்பது வருஷம் பஸ் ரிப்பேர் பார்த்தவருக்கு இப்படி நேராகப் பேசினால்தானே பிடிக்கும். சரி, இப்பவே ஒண்ணு எடு பார்ப்போம் என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். ஏஞ்சல் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் எடுத்துக் காட்டினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், “கோணலாத்தான் கீது” என்றார். கேமராவை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்து, “ஆனா இவ கேமராவப் பார்க்கலியே, என்னைப் பார்த்துல்ல சிரிச்சிகினு கீறா” என்றார். அப்படியே என் பக்கம் திரும்பி, “உன் தம்பிக்குப் போன் போட்டு கோட்டு தைக்க வேணாம்னு சொல்லு” என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஐந்து மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது. உன் மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், துணியை வருகிற கிறிஸ்துமஸுக்குத் தைத்துக்கொள்ளட்டும்.

இப்போது சாயங்காலமானால் ஹாலில் அப்பாவும் மகளும் கைகோத்து நடந்து பழகுகிறார்கள், இவர் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி வேகமாக நடக்கிறார், அவள் பிடித்து இழுக்கிறாள். ஜனவரி கடைசி வாரம் கல்யாணம், லீவை இப்போதே எழுதிக் கொடு, கடைசியில் மேனேஜர் தரவில்லை என்று சொல்லாதே. அப்பாவைப் பார்த்ததும் பரிதாபமாக மூஞ்சியை வைத்துக்கொள்ளாதே, அவருக்கு அது பிடிக்காது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தந்து உன்னை ஆசீர்வதிப்பாராக. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா, பேபி தாவீது

பென்னிக்கு அப்பா எழுதுவது. அம்மா எழுதினதைப் படித்தேன், கொஞ்சம் கூடுதலாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த போட்டோவைப் பிரிண்ட் போட்டு இதற்குள் வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள். ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட நான்தான் வருவேன், கூட்டத்தில் அப்பா எங்கே என்று நீ தேடக் கூடாது.