பத்துப் பேர்

தனுஷனின் அப்பாவுக்கு,

நிஷாந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். போனில் சொன்னால் பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். முழுவதும் படியுங்கள்.

பொகவந்தலாவையில் விடாத மழை. மழை பெய்தாலே நீங்கள் ஹட்டன் துணிக்கடையில் வேலை செய்த நாட்கள் ஞாபகம் வருகிறது. அப்போது சம்பள நாள் என்று ஒன்று இருந்தது. கடைசி பஸ்ஸில் ரோல்ஸ் பொட்டலத்தோடு நனைந்து வந்து, கப்பலையே வாங்கிவந்த மாதிரி நிற்பீர்கள். ஆறிப்போனதைச் சொல்லாமல் நானும் சாப்பிடுவேன். இப்போது கொழும்பில் காப்புறுதிக்கு ஆள் சேர்த்தால்தான் கமிஷன். எந்த நாளைப் பார்த்துக் காத்திருப்பது என்றே தெரியவில்லை. அந்தக் காலத்துக்கு மனசு ஏங்குகிறது.

இந்த மாதம் பத்துப் பேரைச் சேர்க்காவிட்டால் வேலை போய்விடும், லயத்து வீடுகளில் கேட்டுப் பார் என்றீர்கள். கேட்டேன். அவருக்குப் பத்துப் பேர் வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவிடம் சொன்னேன்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கும் பேர் என்றுதான் பேர் என்பதை நீங்களும் நானும் மறந்துவிட்டோம். நீங்கள் படுத்த படுக்கையாகி, வேலைக்குப் போக முடியாமல் பத்து நாள் சம்பளம் போய்விட்டதாக நினைத்து, அக்கா மலை முழுக்கச் சொல்லிவிட்டார். நோயாளி வீட்டுக்கு ஆளுக்கொரு பேர் கொடுப்பது இங்கே வழக்கம்தானே. சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் வாசல் நிறைய ஆட்கள். எடுத்த தேயிலைக் கொழுந்து குறைந்து தனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள் என்று மாயாண்டி அண்ணன் கூச்சத்தோடு நீட்டினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காப்புறுதி, கையெழுத்து என்று விளக்கிப் பார்த்தேன். அதெல்லாம் தம்பி எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம் புள்ள என்று அக்கா என் வாயை அடைத்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒருவரும் வாங்கவில்லை.

இவர்களிடம் போய் இனி எதையும் விற்க என்னால் முடியாது. வேலை போனால் போகட்டும். கமிஷன் கைக்கு வந்ததும் வருகிறேன் என்று சொல்லியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. வெறுங்கையோடு வாருங்கள். பகலில் வாருங்கள். கொழுந்தெடுக்கிறவர்கள் மலையிலிருந்தே நீங்கள் நடந்து வருவதைப் பார்க்கட்டும்.

மாரியம்மா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
நிஷாந்தி