பச்சைச் சுடர் விடும் மரக்கட்டிகளை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
தங்கபுஷ்பம் செல்வநாயகம்,
கேபின் 14, குடும்பக் குடியிருப்பு,
ஜெட்டி வேலை கேம்ப், குவைத்.

பெறுநர்:
உயர்திரு வெங்கட்ராமன் அவர்கள்,
நல அதிகாரி, கேம்ப் அலுவலகம்.

பொருள்: குளிர்கால அடுப்புகளுக்குத் தற்போது தரப்படும் மரக்கட்டிகளின் தரம் குறித்தும், புதிய சாக்குகளை உடனே திரும்பப் பெற வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

கர்த்தருடைய கிருபையால் தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. வேதப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டுகிறேன்.

1. போன குளிரில் பேச்சிலர் அறைகளில் தீப்பிடித்த பிறகு மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடாதென்று கம்பெனி உத்தரவு போட்டது. அதற்குப் பதிலாகக் கேபின்தோறும் இரும்பு அடுப்பும், எரிக்க மரத்தூளை அமுக்கிச் செய்த கட்டிகளும் தந்தார்கள். அந்த ஏற்பாட்டில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

2. முதலில் வந்த கட்டிகள் நல்லவை. உடைத்தால் உள்ளே முழுதும் ஒரே நிற மரத்தூள். தண்ணீரில் போட்டால் ஊறிப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பசை எதுவும் கலக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மஞ்சளாக எரியும், தச்சுப் பட்டறை வாசம் வரும், சாம்பல் மாவு போல வெள்ளையாக இருக்கும். வீட்டுக்கு வரும் எந்தச் சாமானையும் பார்த்து, முகர்ந்து, கணக்கில் எழுதிவிட்டுத்தான் உள்ளே வைப்பேன்.

3. கிறிஸ்துமஸ் கழிந்து வந்த சாக்குகள் வேறு. கட்டி கனமாக இருக்கிறது. ஒன்றோடொன்று தட்டினால் கூரை ஓட்டைத் தட்டியது போலச் சத்தம் கேட்கிறது. நடுவில் பச்சை ஓடிய மரச் சிம்புகளும் துருப்பிடித்த ஆணித் துண்டும் இருந்தன. எரியும்போது சுடரின் ஓரம் பச்சையாகத் தெரிகிறது. பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்க அடுப்புக் கதவைத் திறக்கிறார்கள். சூட்டைக் கேட்டால் பழைய கட்டியைவிட இதுதான் அதிக நேரம் நிற்கிறது. எல்லோரும் இதை நல்ல சரக்கு என்பது அதனால்தான். என் பயமும் அதுவேதான்.

4. ஸ்டோர் கார்மேகம் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பெருங்காயம் வாங்குற மாதிரி மோந்து பாக்கிறீங்களேக்கா, இதென்ன சாம்பார்லயா போடப் போறீங்க? இரும்பு மாதிரி இருக்கு, இன்னும் என்ன வேணும்? கலாஸ், அவ்வளவுதான், எடுத்துட்டுப் போங்க" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வந்ததைக் கொடுக்கிறவர் அவர்.

5. முக்கியமான விஷயம் புகையின் வாசனை. அது பூண்டு வாசனை. நம் பெண்கள் கைக்குழந்தைக்குச் சளி கட்டினால் குளிப்பாட்டிய பிறகு கனலில் பூண்டுத் தோலும் ஓமமும் போட்டுப் புகை காட்டுவது தாங்கள் அறிந்ததே. இங்கே இந்தக் கட்டியே பூண்டு மணம் தருகிறது. தனியாகத் தோல் எதற்கு என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கட்டிக் கனலைத் தட்டில் வாரிக் குழந்தையை அதன் மேல் பிடிக்கிறார்கள். பக்கத்துக் கேபின் உமாபதி அவர்களின் மனைவி வசந்தகுமாரி தன் பெண் தாமரைக்குத் தினமும் அப்படிப் பிடித்தாள்.

6. தாமரைக்கு முதலில் வாந்தி, பிறகு தண்ணீராகப் போக்கு. கிளினிக்கில் தண்ணீர் மாறினதால் என்றார்கள். உடம்புக்கு ஆகவில்லை என்று தாய் இன்னும் அதிகமாகப் புகை போட்டாள். இப்போது பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் கண் திறவாமல் கிடக்கிறது. உள்ளங்கை தோல் உரிகிறது. என்ன தின்றது என்று டாக்டர் கேட்கிறாராம். பால் தவிர அது வேறு எதுவும் தின்னவில்லை.

7. அடுப்புச் சாம்பலை நாங்கள் கம்பிவேலிக்கு அப்பால் கொட்டுகிறோம். உப்புக்கு நக்குவது போல, வேலிக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கும் பதூ நாடோடிக் கிழவரின் ஆடுகள் வந்து அதை நக்கின. மறுநாள் அவை வேலியோரம் வயிறு ஊதிக் கிடந்தன. ஈ கூட அதிகம் மொய்க்கவில்லை. அதே சாம்பலில்தான் பல வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள்.

8. என் கணவர் கப்பல் அணையும் ஜெட்டியில் கிரேன் ஓட்டுகிறார். கடலிலிருந்து பிடுங்கிய பழைய தூண்களை யார்டில் அறுத்துத் தூளாக்குவதைக் கண்டிருக்கிறார். கடல் பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றிய மரமாம். வெட்டிய இடம் பச்சையாக இருக்குமாம். அந்தத் தூள்தான் எங்கள் கட்டிக்கு வந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வந்திருந்தால், பூச்சி தொடப் பயந்த மரத்தை எரித்து நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

9. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அக்காவுக்குத் தரிசனம் கிடைச்சிருக்கு போல" என்று ஞானசிங் அவர்கள் வீட்டு அற்புதராணி கேலி செய்தாள். எனக்குத் தரிசனமும் இல்லை, கனவும் இல்லை. கண்ணும் மூக்கும் சொன்னதை மட்டுமே சொல்கிறேன். நாங்கள் கூடியிருந்த அந்த அறையிலும் மணல் வராதபடி ஜன்னலில் துணி அடைத்து அதே கட்டிதான் எரிந்துகொண்டிருந்தது. பாட்டின் நடுவே இரண்டு பேர் தலைவலி என்று எழுந்து போனார்கள்.

10. இன்று குளிரைக் கொண்டுவரும் வடக்குக் காற்று திரும்பியிருக்கிறது. பேச்சிலர் கேம்ப் முழுவதற்கும் புதிய சாக்குகள் இறக்கி அடுக்கியிருக்கிறார்கள். இதுவரை ஒருசில வீடுகள். இனிமேல் எல்லா அறைகளும்.

ஆகையால் ஐயா, சாக்குகளைப் பிரிக்க விடாமல் இன்றே நிறுத்தவும், ஒரு கட்டியையும் அதன் சாம்பலையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு டாக்டரின் கேள்விக்குப் பதில் கிடைக்கச் செய்யவும், அதுவரை எங்களுக்குக் கம்பளி மட்டும் தந்தாலும் போதுமென்றும் கேட்டுக்கொள்கிறேன். என் எண்ணம் தவறாயிருந்தால் கேம்ப் முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக்கு ஒரு கட்டி இத்துடன் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். தொட்டால் கை கழுவவும்.

இடம்: குவைத்
தேதி: 11-1-1978

தங்கள் உதவியை எதிர்நோக்கும்,
தங்கபுஷ்பம் செல்வநாயகம்

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சேர்க்கிறேன். கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வந்திருக்கும் தங்கள் மனைவியார் சந்திரகலா அம்மாள், பிள்ளைக்குச் சளி என்று பூண்டுத் தோல் கேட்டு இன்று காலையில் ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் தோலைப் பொதிந்து எடுத்து வருவதற்குள், கட்டி வந்துவிட்டது, தோல் தேவையில்லை என்று அந்த ஆள் போய்விட்டான். பின்னாலேயே ஓடினேன். ஆபீசர் குடியிருப்பு கேட்டில் காவல் நிற்கும் ஷம்சாத் பாய், "பாஸ் மாஃபி, பெஹன்" என்று, என்னிடம் பாஸ் இல்லாததால் உள்ளே விடவில்லை. தங்கள் வீட்டுப் புகைக்குழாயில் அப்போதே புகை தெரிந்தது. மனுவுக்கு உத்தரவு பிறகு எழுதலாம். முதலில் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.