வெள்ளையாகும் வரை கழுவிய பஞ்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு, நடுநடுவே சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், அதிலும் உனக்கு உடம்போடு மனசும் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. நீ அனுப்பிய ரத்த அழுத்தக் கருவி வந்ததிலிருந்து அப்பா மணிக்கு ஒருதரம் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கூடியிருந்தால் என் சமையலில் உப்பு அதிகம் என்கிறார், குறைந்திருந்தால் தன் கட்டுப்பாடு என்கிறார். வாசல் பக்கத்துக் குழாய் ஒழுகுவதை மட்டும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

உன் கடிதமும் கடல்மீன் தொட்டியின் படமும் செவ்வாய்க்கிழமை வந்தன. தொட்டியை எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள் என்று நீ எழுதவில்லை. நான் தைத்து அனுப்பிய மஞ்சள் திரையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போன வருஷம் உன் வயிற்றில் ஐந்தாம் மாதத்திலேயே நம் கையைவிட்டுப் போன குழந்தைக்கென்று வைத்திருந்த அறை. அது பூட்டியே கிடக்க வேண்டாம், உயிருள்ளது ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்று மாப்பிள்ளை நினைத்தது நல்ல மனசுதான். ஆனால் நான்கு மீன் விட்டதில் மூன்று செத்துவிட்டன, ஆரஞ்சு வெள்ளைப் பட்டைக் குட்டி ஒன்றுதான் மிச்சம், நான் தொட்டது எதுவும் தங்காது அம்மா, என் கை ராசியில்லாத கை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான்கு வரி மேலேதான், தொட்டி வைத்த மூன்றாம் நாளே மீனை விட்டுவிட்டோம், தொட்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன், வாராவாரம் வடிகட்டியின் பஞ்சை எடுத்துக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கழுவுகிறேன், நான் உன் பெண்ணாயிற்றே என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்துப் பயந்துபோய் அந்தப் பட்டையை என் கையில் கட்டிவிட்டார்.

முதலில் அந்த ஒற்றைக் குட்டியைக் காப்பாற்றுகிற வழியைச் சொல்கிறேன், பிறகு மற்றதைச் சொல்கிறேன். பஞ்சில் பழுப்பாக வழுவழுவென்று படிந்திருக்கிறதே, அதை நீ அழுக்கு என்று நினைக்கிறாய். அது அழுக்கு இல்லை கண்ணு, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மீன் கழிப்பதும் தின்னாமல் விடுவதும் தண்ணீரில் விஷமாகிறது, அம்மோனியா என்பார்கள், அதைத் தின்று தண்ணீரை மீனுக்கு ஏற்றதாக்குவது அவைதான். புதுத் தொட்டியில் அவை உண்டாகி நிலைக்க ஒன்றரை மாதமாவது ஆகும், அதுவரை மீனே விடக்கூடாது. கடைக்காரருக்கு விற்றால் சரி. நீயோ கொஞ்சநஞ்சம் உண்டானதையும் வாராவாரம் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டிருக்கிறாய். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த தண்ணீரிலேயே லேசாக முக்கி எடு, போதும். தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும், அம்மோனியா இருப்பதாகக் காட்டினால் கால்வாசித் தண்ணீரை மாற்று, புதுத் தண்ணீரில் முதல் நாளே உப்பைக் கரைத்துச் சுழலவிட்டு, தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்று. தண்ணீர் வற்றி மட்டம் இறங்கினால் மட்டும் உப்புப் போடாத சுத்திகரித்த தண்ணீரை விடு. வற்றுவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கும், நீ மேலும் மேலும் உப்புத் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருக்கிறாய், அந்தக் குட்டி எப்படித்தான் தாங்குகிறதோ. தீனியைப் பாதியாகக் குறை. இரண்டு மாதத்துக்குத் துணை மீன் என்று ஒன்றும் வாங்காதே, பிறகும் ஒவ்வொன்றாக, வேறொரு சின்னத் தொட்டியில் சில வாரம் தனியாக வைத்து நோயில்லை என்று பார்த்துவிட்டுச் சேர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய், மீன் காட்சியகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள்தானே என்பாய். நான் கற்றுக்கொண்ட விதம் உனக்குத் தெரியாது. நான் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், உனக்குப் பத்து வயது, அப்பாவின் பட்டறை மூடிக்கிடந்தது. கூடத்தின் நடுவே புதிதாக வட்டத் தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள், அதில் நாற்பத்திரண்டு மீன்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். வலது கையில் மோதிர விரல் ஒரு கணு குறைவு, எப்போதோ கண்ணாடி மூடி விழுந்து போனது. ஒருநாள் அவருடைய மகளுக்குப் பிரசவம், விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மறுநாள் பெரிய அதிகாரி வருகிறார், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். நான் தரையைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், அதோடு நிற்காமல் தொட்டிக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து, பழுப்பேறிக் கிடந்த பஞ்சுகளையெல்லாம் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்து வெள்ளைவெளேரென்று ஆக்கி வைத்தேன். யாரும் சொல்லாத வேலையைச் செய்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. பேரன் பிறந்தான், மீன் போச்சு, இவர் கை ராசியில்லாத கை என்று யாரோ விளையாட்டுக்குச் சொன்னார்கள். பிறகு அது விளையாட்டாக இல்லை. அவரைத் தொட்டியிலிருந்து எடுத்து, வாசலில் நுழைவுச் சீட்டுக் கிழிக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். போகிற அன்று வட்டத் தொட்டியின் கண்ணாடியில் வலது கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் நகர்ந்ததும் நான் துணியோடு போய் அந்தத் தடத்தைத் துடைத்தேன், அதுதானே என் வேலை. ஆனால் ஈரக் காற்று அடிக்கும் காலையில் கண்ணாடி மங்கினால் அதே இடத்தில் அந்தத் தடம் எழும்பி வரும், ஒரு விரல் மட்டும் குட்டையாக. நான் துடைப்பேன், அது வரும். எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் தங்கும், அதுதான் என்று பிறகு வந்த பராமரிப்பாளர் சொன்னார். எனக்கும் புரிந்தது, ஆனாலும் அந்தப் பக்கம் தனியாகப் போகக் கால் வராது.

அந்தப் புதியவர்தான் ஒருநாள் நான் பஞ்சில் கை வைத்ததைப் பார்த்து, அதைக் கழுவிடாதீங்கம்மா, அதுலதான் தொட்டியோட உயிரே இருக்கு என்று பதறினார். நாற்பத்திரண்டும் எப்படிச் செத்தன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தொட்டிக்காரர் இருபது அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். என் வேலை நிரந்தரமாகவில்லை, உனக்குப் பள்ளிக்கூடம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்துவிட்டேன். நிரந்தரமான பிறகும் சொல்லவில்லை, அதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. இன்னும் ஆறு வருஷம் தினமும் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மீன்கள் இருக்கும் பக்கம் வர நேர்ந்தால் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு வருவார். ஓய்வு பெற்றார், பிறகு செத்தும் போனார், அதுவும் ஆறு வருஷமாகிறது. இப்போதும் அடுப்பில் ஏதாவது கொதித்து ஜன்னல் கண்ணாடி மங்கினால் நான் திரும்பிப் பார்க்கிறேன். தடம் இருக்காது, இருந்தாலும் பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், போய்ச் சொல்லிட்டு வா என்றார், அவ்வளவுதான். தொட்டிக்காரரின் மகள் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள். போய் நின்றபடியே முழுவதும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அப்பா எம் பையன ஒரு தடவைகூட தூக்கினதில்லக்கா, நடக்கப் பழகும்போது அவரு கண்ணு முன்னாடியே விழுந்தான், அப்பவும் என்னைத்தான் சத்தம் போட்டுக் கூப்பிட்டாரு என்றாள். உங்களுக்கு எப்ப தெரியும் என்று கேட்டாள். சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டாள். அப்ப அவனுக்கு ரெண்டு வயசு, அப்ப சொல்லியிருந்தாக்கூட தூக்கியிருப்பாருக்கா என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை, மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

மாப்பிள்ளை போன மாதமே போனில் சொன்னார், அவர் தங்கை கைக்குழந்தையோடு வந்தபோது நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாயாம், கொடுத்தும் வாங்கவில்லையாம். அப்போது துக்கம், சரியாகிவிடும் என்று நினைத்தேன். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி ஒளித்துவைத்த கைகளை நான் ஏற்கெனவே ஒருவரிடம் பார்த்தவள். உன் மீன்கள் தண்ணீரால் செத்தன. குழந்தை போனது ஏன் என்று டாக்டர் உன்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், நீ செய்ததாலும் இல்லை, செய்யாததாலும் இல்லை. கழுவிக் கழுவிச் சுத்தம் பார்க்கும் புத்தி என்னிடமிருந்து உனக்கு வந்தது, அந்தப் பழியை என்மேல் போடு, வாங்கிக்கொள்கிறேன். உன் கைமேல் போடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும். குட்டி பிழைத்தால் எழுது, பிழைக்காவிட்டாலும் எழுது. சொட்டு மருந்து வாங்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பஞ்சைத் தொடாமல் மாப்பிள்ளையின் தங்கை வீட்டுக்குப் போ, அந்தக் குழந்தையைக் கேட்டு வாங்கித் தூக்கு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா

பி.கு.: படத்தில் தொட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கைத்தடம் தெரிகிறது. பார்த்ததும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரல்களை எண்ணிப் பார்த்தேன், ஐந்து விரலும் முழுசாக இருந்தன, உன் கைதான். அது அங்கேயே இருக்கட்டும், துடைக்காதே.