மட்கார்டில் சரோஜா எழுதிய நம்பர்

5-11-1964, வியாழன்

பஸ் ஸ்டாண்டு அருகே பிரேக் இன்ஸ்பெக்டர் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, முன் மட்கார்டில் இருந்த நம்பர்மேல் அடிக்கோலை வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் யாரும் அளந்ததில்லை.

"எழுத்து சின்னதா இருக்குது. பழைய வண்டின்னாலும் அளவு அளவுதான். இன்னிக்கே மாத்தி எழுதி எடுத்தாந்து காட்டு" என்றார்.

அதை எழுதியவள் என் மனைவி சரோஜா. வண்டி வாங்கிய அன்று, "பெயின்டர் எதுக்கு, நான் எழுத மாட்டனா?" என்று கோலம் போடுகிற கையால் பொடிப்பொடியாக எழுதினாள். அவள் இறந்த பிறகு, தினமும் வண்டியை நிறுத்தியதும் அந்த எழுத்தைத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன்.

பெயின்டர் காதரிடம், "சுரண்டாம மேலயே எழுத முடியுமா பாய்?" என்று கேட்டேன்.

"பழச எடுக்காம புதுசு நிக்காதுண்ணே."

நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தகரத்தில் பிளேடு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. "இப்ப தூரத்துலேர்ந்தே தெரியுது" என்றார்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் பழக்கத்தில் கையை வைத்துவிட்டேன். மழை ஈரத்தில் பெயின்ட் காயவில்லை. கடைசி எழுத்து கலைந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் வெள்ளை. கழுவாமலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக்குக் காதர் பாய், "இன்னாண்ணே ஆச்சு?" என்று கேட்பார்.