கத்திரிக்காயை முகர்ந்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? திருமழிசை கம்பெனிச் சாப்பாட்டில் நான் உருண்டையாகிக்கொண்டே வருகிறேன்.

நேற்று கரையான்சாவடி காய்கறிக் கடையில் ஒருத்தி கத்திரிக்காயை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, மல்லிப்பூவா அது?" என்றார் கடைக்காரர்.

உன்னைத் தவிர யாரம்மா கத்திரிக்காயை முகர்வார்கள்? பதறாதே, அது நம் ரேணுகா அக்கா. மஸூத்தைக் கட்டிக்கொண்டு போனவளை, துபாயில் வேலை பார்ப்பதாக அப்பா தெருவுக்கே சொல்லிவைத்தாரே! அந்தத் துபாய் இங்கிருந்து ஒரே பஸ்தான்.

"அம்மா இன்னும் மோந்து பாத்துத்தான் வாங்குதாளா?" என்று மட்டும் கேட்டாள். என் கண் கலங்கியது பக்கத்திலிருந்த வெங்காயக் கூடையால்தான்.

ரசப்பொடி தீர்ந்துவிட்டது. இந்த முறை இரண்டு பொட்டலமாகக் கட்டு. தபாலில் வாசம் போய்விடும், நீயே கொண்டு வா. அப்பா கேட்டால் துபாய்க்குப் போகிறேன் என்று சொல். அவர் கட்டிய கதைதானே.

பஸ் வந்துவிட்டது.

உன் சின்னவள்,
கோமதி