என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்
ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். மாத்திரையோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "தினமும் காலையில கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து மூச்சைக் கவனிங்க." மூச்சு அது பாட்டுக்குப் போய் வருகிறது, அதற்கு நான் எதற்குக் காவல்? கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்? கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களிடம் நாள் முழுக்க உயிரை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்
வீட்டில் இவள் இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். ஊருக்கு வெளியே புது ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதம் சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அதனால் கார் ஓட்டப் பழகப் போகிறாளாம் — எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூலில்!

"நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேனே?"

"போன வருஷம் நீங்க கத்தின கத்துல வண்டிய நடுரோட்டுல விட்டுட்டு நடந்தே வந்தேன். எனக்கு வேலையும் வேணும், புருஷனும் வேணும்."

சாப்பாடு இறங்கவில்லை. என் பெண்டாட்டி, அவனிடமா?

மார்ச் 7, வெள்ளி
உட்கார்ந்தேன். முதல் வகுப்புக்கு முன், காரிலேயே, எஞ்சினை அணைத்துவிட்டு. மூச்சைத் தவிர எல்லாவற்றையும் கவனித்தேன். எதிர்த் தெருக்காரன் மூஞ்சிதான் அதிகம் வந்தது.

மார்ச் 15, சனி
மூக்கு அரிக்கிறது. முதுகு அரிக்கிறது. நானும் விடுவதாக இல்லை.

மார்ச் 26, புதன்
இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன்! என்னிடம் பழகும் பல் டாக்டரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். ரோடு காலி. ஆனால் என் கால், பழகுபவர் தவறினால் நான் நிறுத்துவதற்காக என் பக்கம் வைத்திருக்கும் பிரேக்கின் மேல் விறைத்துப்போய் நிற்கிறது. தாடை இறுகியிருக்கிறது. மூச்சே விடவில்லை. அவரோ ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படியானால் இத்தனை நாள் நடந்த தப்புக்கா கத்தினேன்? நடக்கப்போகிற தப்புக்கல்லவா முன்கூட்டியே கத்தியிருக்கிறேன்!

காலைத் தளர்த்தினேன். மூச்சு விட்டேன். டாக்டரம்மா அந்தத் திருப்பத்தை அழகாக எடுத்தார்.

"என்ன சார், இன்னைக்கு இவ்வளவு அமைதி? வழக்கமா நான் பல்லைத் தொடறதுக்கு முன்னாடியே அலறுற பேஷண்ட் மாதிரி இருப்பீங்களே!"

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். வயிறு வலித்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்
கோபம் போய்விட்டதா? எங்கே போகும்! வருகிறது. ஆனால் இப்போது அது வருவது தெரிகிறது, காதோரம் சூடாகிறது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கிடைக்கிறது. வாயை மூடிக்கொள்ள அது போதும். வீட்டில் பாட்டெல்லாம் பாடுகிறேனாம். மகள் புகார்: "அப்பா, நீங்க கத்தினதே பரவால்ல."

ஏப்ரல் 12, சனி
இவள் வகுப்பிலிருந்து முகம் சுண்டிப்போய் வந்தாள். ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வரவே இல்லையாம். "அவர் தங்கமான மனுஷன்தான். ஆனா சுவத்துல இடிச்சாலும் 'சூப்பர் மேடம்'ங்கறார்."

எனக்கு நாக்கு நுனியில் நூறு யோசனை. விழுங்கிவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு நீங்க வர்றீங்களா? கத்தினா இறங்கிடுவேன், சொல்லிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
காலி மைதானம். ரிவர்ஸில் வந்து குப்பைத்தொட்டியைச் சாய்த்தாள். காதோரம் சூடு. மூச்சு.

"பரவால்ல. இன்னொரு தடவ பாரு."

திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மே 9, வெள்ளி
பாஸ்! ரிவர்ஸும் சேர்த்து! எதிர்த் தெருக்காரனே வந்து கை கொடுத்தான். நல்ல மனுஷன்தான்.

மே 23, வெள்ளி
புது வேலை பிடித்திருக்கிறது அவளுக்கு. இன்று சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. சிக்னலில் நின்றதும் நினைவிருக்கிறது. அப்புறம் கண் விழித்தால் வீட்டு வாசல். எஞ்சின் அணைந்திருந்தது. இவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுப்பியிருக்கலாமே?"

"ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்கிறவர் நான் ஓட்டும்போது தூங்கறார். எழுப்புவேனா?"